வீடு சூடாக இரண்டு குரல்

அந்தக் குளிர்காலத்தில் கனடாவின் ரொறன்ரோவில் மின்சாரம் போதவில்லை. இரண்டு பேரின் பேச்சுக்குரல் கேட்கும் வீட்டில் மட்டுமே ஹீட்டர் வேலை செய்யும் என்று சட்டம் வந்தது. விவாகரத்தாகித் தனியே இருந்த பகீரதன், நடுங்கியபடி முன்னாள் மனைவி சுகிர்தாவின் கதவைத் தட்டினான். அவளும் விறைத்துப்போய்த்தான் இருந்தாள், உள்ளே விட்டாள்.

பேச வேறொன்றும் இல்லாததால் பழைய சண்டையையே தொடர்ந்தார்கள். வீடு கதகதப்பானது. தை மாதம் முழுக்கச் சண்டை நன்றாகவே ஓடியது.

மாசியில் ஒருநாள் பகீரதன் தணிந்த குரலில், "எல்லாம் என்ர பிழைதான், சுகி" என்றான்.

"என்னிலயும் பிழை இருக்கு" என்றாள் அவள்.

இருவரும் நெகிழ்ந்துபோய் மௌனமாக அமர்ந்திருந்தார்கள். ஹீட்டர் நின்றுவிட்டது. யன்னல் கண்ணாடியில் பனி படரத் தொடங்கியது.

சுகிர்தா தன் போர்வையை அவன் தோளுக்கும் இழுத்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "உங்கட அக்காவைப் பற்றி நான் இன்னும் வாயே திறக்கேல்லை."