சாக்குக்குள் ஆமை

குடிசை மூலையில் கிடந்த ஈரச் சாக்கு அசைந்தது.

“ஆமை இல்லன்னு சொன்னியேண்ணா! அப்ப அது இன்னா?” என்றாள் கன்னியம்மா.

அரசப்பன் சாக்குக்குக் குறுக்கே வந்து நின்றார். சுற்றுவட்டாரத்துக்கே ஆமை பிடித்து விற்றவர் என்று கேள்விப்பட்டுத்தான் ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து அவரைத் தேடி வந்திருந்தாள். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் பெருக்கும் வேலைக்கு அன்று போகவில்லை. இடுப்பில் ஆறு வயது நர்மதா விசில் அடிப்பதுபோல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

“வித்ததெல்லாம் அப்போம்மா. இப்ப கம்பெனி தண்ணி கலந்து ஏரியே கறுத்துப் போச்சு. மூணு மாசமா தேடி இந்த ஒண்ணுதான் ஆப்ட்டுச்சு. பூண்டி டேம் பக்கம் நல்ல தண்ணில வுடப்போறேன்.”

அவள் நம்பவில்லை. யாரோ பெரிய ஆளுக்கென்று எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தாள். குழந்தையை இறக்கிவிட்டுக் காலில் விழுந்தாள்.

“ஒரு டம்ளர் ரத்தம் போதும்ணா. பச்சையா குடிச்சா இழுப்பு நின்னுடுமாம். டாக்டர் மருந்து ரெண்டு நாள் கேக்குது, மறுபடியும் வந்துடுது.”

அரசப்பன் குனிந்து குழந்தையின் விரல் நகங்களைப் பார்த்தார். விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுவதைப் பார்த்தார்.

“படுக்க முடியாம உக்காந்துக்கினே தூங்குதா?”

“ஆமாண்ணா. உனக்கு எப்டித் தெரியும்?”

அரசப்பன் பைக் சாவியை எடுத்தார். “ஏறு வண்டில. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

கன்னியம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அவரைத் தள்ளிவிட்டுச் சாக்கைப் பிரித்தாள். கறுத்த ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது ஆமை. அடுப்போரம் கிடந்த கத்தியை எடுத்தவளின் மணிக்கட்டை அரசப்பன் இறுக்கிப் பிடித்தார்.

“வுடுண்ணா! ஒரு புள்ளயப் பெத்து, அது மூச்சுக்குத் தவிக்கிறதப் பாத்திருந்தா இப்டித் தடுப்பியா?”

அவர் பிடி தளரவில்லை. குரல்தான் உடைந்தது.

“ஒம்போது ஆமை அறுத்தேம்மா... எம்புள்ள தங்கல.”