முப்பத்தொரு கிலோமீட்டர்

நெஞ்சு ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்துக்குச் சைக்கிளைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தொடவில்லை. ஆனால் தினமும் காலையில் சைக்கிள் மீட்டரில் முப்பத்தொரு கிலோமீட்டர் கூடியிருந்தது.

"மறுபடியும் திருட்டுத்தனமா போயிட்டு வந்திருக்க" என்று கணவர் கத்தினார்.

"படி ஏறவே எனக்கு மூச்சு வாங்குது. நான் எங்கங்க போனேன்?"

"அப்ப மீட்டர் பொய் சொல்லுதா?"

முன்சக்கரத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் மீட்டரில் இன்னொரு முப்பத்தொன்று. கட்டிலுக்கடியில் இருந்த டயரில் ஈரமான மஞ்சள் இலை ஒன்று ஒட்டியிருந்தது. அவர் அதைப் பிய்த்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்யாததற்கே இத்தனை திட்டு என்றால், செய்துவிட்டே வாங்கிக்கொள்கிறேன்.

மத்தியானம் சக்கரத்தை மாட்டினேன். சருகு மூடிய ஏரிச்சாலையில், தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்க, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மிதித்தேன். கணவர் வேலையிலிருந்து வருவதற்குள் திரும்பிவிட நினைத்தேன். முடியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

நான் சைக்கிளைவிட்டு இறங்கக்கூட இல்லை. வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து மீட்டரைப் படித்தார். காலையில் இருந்த அதே எண்.

"அப்பாடா, இன்னைக்காவது சொன்ன பேச்சக் கேட்டு வீட்டுலயே இருந்தியே" என்று என் ஹெல்மெட்டில் செல்லமாகத் தட்டிவிட்டு உள்ளே போனார்.