முதலிடத்தில் இருந்த கிளை

நாற்பத்தொரு ஜிம் கிளைகளில் பல்லாவரம்தான் முதலிடம். விடியற்காலையிலேயே ட்ரெட்மில்லுக்கு வரிசை நிற்கும். அப்படிப்பட்ட கிளையை முப்பதாம் தேதியோடு மூடச் சொன்னால் மேலாளர் ஜெசிந்தாவுக்குச் சந்தேகம் வராதா?

கிளைகளைத் திறப்பதும் மூடுவதும் தலைமையகத்துக் கணினியின் முடிவு. முன்பு முடிச்சூர் கிளையை அது மூடச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பத்தாம் நாள் அங்கே ஏரி உடைத்துக்கொண்டு ஊரே மூழ்கியது.

"இங்க என்ன சார் குறை?" என்று தலைமையகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

"காரணமெல்லாம் அது சொல்லாதும்மா. அடுத்த மாசத்துலேருந்து உங்க ஏரியாவுல ஆளே இருக்க மாட்டாங்கன்னு காட்டுது. நீங்க ரிப்பேர் வேலைன்னு போர்டு மாட்டிடுங்க."

ஜெசிந்தா போர்டை மாட்டினாள். எதிர்ச்சாரியில், அவள் வீட்டு மாடியில் கணவன் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவனை அழைத்தாள்.

"என்னங்க, ஈரமா இருந்தாலும் பரவாயில்ல. எல்லாத்தையும் பெட்டியில வைங்க."