நூறாண்டு தாங்கும் சிடி

மேற்கு மாம்பலத்தில் மகேஷின் ஸ்டூடியோ. இறந்துபோன தன் மனைவி ஐரினின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு நினைவு அட்டை அடிக்க, சாந்தோமிலிருந்து பழைய போட்டோ சிடியோடு வந்திருக்கிறார் லாய்ட் சார். டிரைவ் கரகரவென்று சுற்றுகிறது, நிற்கிறது, திரும்பச் சுற்றுகிறது. மகேஷ் சிடியை வெளியே எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடிக்கிறான். பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறது. “செத்துப்போச்சு சார்,” என்றவன் நாக்கைக் கடித்துக்கொள்கிறான். “ஆல்பம் இன்னாச்சு?” “படத்தையெல்லாம் சிடில ஏத்துனதும் எரிச்சுட்டேன் தம்பி. பேப்பர்லயே போட்டிருந்தானே.” சிடி உறைக்குள்ளிருந்து, உத்தரவாதச் சீட்டு மாதிரி மடித்து வைத்த செய்தித்தாள் துண்டை நீட்டுகிறார். ‘இனி ஆல்பம் எதற்கு? நூறாண்டு தாங்கும் சிடி!’ பக்கத்தில் கட்டுரையாளரின் சிரித்த புகைப்படம். இருபது வருடத்தில் ஒரு பல்கூட மங்கவில்லை. “போன்ல அம்மா படம் ஒண்ணுகூடவா இல்ல சார்?” “எல்லாத்துலயும் நான்தான். எடுத்தது அவ.” மின்விசிறிக் காற்றில் துண்டு படபடக்கிறது. லாய்ட் சார் சிடியை வாங்கி, சட்டை நுனியால், கன்னத்தைத் துடைப்பது போல மெல்லத் துடைக்கிறார். “இன்னொரு வாட்டி போடுப்பா. கேமரான்னா அவளுக்குக் கூச்சம். கொஞ்சம் மெதுவாத்தான் வருவா.”