ஊருக்குப் போன எதிர் வீடு

"வாத்தியார் வீட்ல யாரோ இருமுறாங்க" என்றார் செயலாளர்.

"ஊருக்குப் போனவர் வீட்ல யாருங்க இருமுவா? பேசாம உட்காருங்க" என்றார் மனைவி.

செயலாளர் என்றால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். வாத்தியார் எதிர் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவர். மூன்று நாள் விடுமுறைக்கு ஏரிக்கரை நகரத்துக்குப் போவதாக ஒரு வாரமாக லிஃப்டில் ஏறினவர், இறங்கினவர் எல்லாரிடமும் சொன்னார். நேற்று மாலை மனைவியோடு பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பியும் போனார்.

செயலாளருக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல். எந்த விடுமுறை வந்தாலும் முதலில் கிளம்புகிறவர் இவர்தான். இந்தத் தடவை அவர் கடற்கரை நகரம் என்றார். மனைவி மலை நகரம் என்றார். இரண்டு பேரில் ஒருவர் விட்டுக்கொடுப்பதற்குள் இரண்டு ஊரிலும் ஓட்டல் அறைகள் தீர்ந்துவிட்டன.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். அந்த மாடியில் நான்கு வீட்டுக்கும் வேலை செய்கிறவர் அவர்தான். நான்கு வீட்டுக்கும் அவர் 'அக்கா'தான்.

"எதிர் வீட்ல யாரும் இல்ல சார். பக்கத்து ரெண்டு வீட்லயும் ஊருக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு மாடியில உங்க வீடு மட்டும்தான்."

மனைவி போனை நீட்டினார். "இந்தா பாருங்க. வாத்தியார் சம்சாரம் ஏரியில படகு போற படம் போட்டிருக்காங்க. போட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகல."

செயலாளர் குழம்பிப் போனார். படகு அங்கே இருக்கிறது. இருமல் இங்கே இருக்கிறது.

மெல்ல வெளியே வந்தார். எதிர் வீட்டு வாசலில் செய்தித்தாள் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கதவுக்கு அடியில் தானாக நகர்ந்து உள்ளே போய்விட்டது.

செயலாளர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். கூடவே வெங்காயம் வதங்குகிற வாசனையும் வந்தது.

திருட வந்தவன் இருமலாம். பேப்பர் படிப்பானா? வெங்காயம் வதக்குவானா?

மணியை அடித்தார். உள்ளே சொய்யென்ற சத்தம் சட்டென்று நின்றது.

"யாரு உள்ளே? போலீஸைக் கூப்பிடட்டுமா?"

கதவு ஒரு சாண் திறந்தது. சோப்பு நுரை வழிகிற கை ஒன்று அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

"சத்தம் போடாதீங்க சார்!" என்றார் வாத்தியார். இடுப்பில் துண்டு; பின்னால் தொட்டி நிறையத் தேய்க்காத பாத்திரம். அவர் மனைவி கரண்டியோடு அசையாமல் நின்றார்.

"நீங்க... ஏரியில..."

"எந்த ஏரி சார்? இருட்டினதும் பின்படி வழியா ஏறி வந்துட்டோம். படம்கூடப் பழைய படம்தான்."

செயலாளருக்குக் குழப்பம் தீர்ந்து கோபம் வந்தது. "போகலேன்னா போகலேன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு இந்தப் பந்தா? பசங்களுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு பாடம் எடுக்கிற மனுஷன்! அடுத்த சங்கக் கூட்டத்துல இதைப் பேசாம விடமாட்டேன்."

"பேசுங்க சார். ஆனா இந்த மூணு நாளைக்கு மட்டும் வெளியில விட்டுடாதீங்க. அக்கா காதுக்குப் போயிடும்."

"அக்காவா? அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

வாத்தியார் கையைத் துண்டில் துடைத்தார்.

"அவங்க மகளுக்குக் குழந்தை பிறந்து மூணு மாசம் ஆச்சு. இன்னும் போய்ப் பார்க்கல. லீவு எடுத்துக்கோங்கன்னு சொன்னா, 'பரவால்ல சார்'னு மறுநாள் வந்து நிக்கறாங்க. முன்னாடி வேலை செஞ்ச வீட்ல நாலு நாள் லீவு எடுத்துட்டுத் திரும்பிப் போனா, அங்க வேற ஆள் துடைச்சிட்டு இருந்துச்சாம். அந்தப் பயம். வீட்ல ஆள் இருந்தா வந்தே தீருவாங்க. அதான், ஆளே இல்லாத மாதிரி பண்ணிட்டோம்."

"அப்போ பக்கத்து ரெண்டு வீடு?"

"அவங்களும் உள்ளேதான் இருக்காங்க சார்."

செயலாளர் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு குடும்பம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

"என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட என்னத்தைச் சொல்றது? மூணு நாள் லீவுன்னா நீங்க பெட்டியோட முதல் ஆளா நிப்பீங்களே. இந்தத் தடவையும் போயிடுவீங்கன்னு விட்டுட்டோம்."

வாத்தியார் மனைவி கரண்டியைக் கீழே வைத்தார். "நேத்து ராத்திரி பஸ்ஸுக்கே அக்கா போயிருப்பாங்க. இந்நேரம் பேத்தியை மடியில போட்டுக்கிட்டு இருப்பாங்க."

அப்போது செயலாளர் வீட்டிலிருந்து பக்கெட்டை இழுக்கிற சத்தம் கேட்டது.

வாத்தியார் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குப் போய், அக்கா கையிலிருந்த மாப்பை வாங்கிக்கொண்டார்.

"போதும் அக்கா. நாங்களும் ஊருக்குக் கிளம்பறோம். செவ்வாய்க்கிழமை வந்தா போதும்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தார். "பத்தரைக்கு ஒரு பஸ் இருக்கு சார். அப்போ நான் பேத்தியைப் பார்த்துட்டு வந்துடட்டுமா?" வாசல்வரை போனவர் திரும்பினார். "வேற ஆள் வச்சிட மாட்டீங்களே?"

"மாட்டோம் அக்கா. சத்தியமா."

லிஃப்ட் இறங்கியது. மனைவிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"எந்த ஊருக்குங்க போறோம்?"

செயலாளர் கதவை உள்பக்கமாகத் தாழிட்டார்.

"மெதுவாப் பேசு. மாடியில எல்லாரும் போயிருக்கிற ஊருக்குத்தான்."