மதில் பாதையில் ஒரு பெற்றோல் செட்

பெற்றோல் முடிகிறது என்று சொல்லி என் கணவர் அருட்செல்வம் காரைப் பெற்றோல் செட்டுக்குள் திருப்பினார். முள் பாதிக்கு மேல் நிற்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காலையிலிருந்து ரோமர்கள் விட்டுப்போன இடிபாடுகள்தான். மதில், காவற்கோபுரம், குளியலறை, திரும்பவும் மதில். இங்கிலாந்தின் வட எல்லையில், யாரோ எப்போதோ அடுக்கிவிட்டுப் போன கல்லுக்கெல்லாம் முன்னால் என்னை நிறுத்திப் படமெடுத்தார்.

ஒஸ்லோவில் ரயில் ஓட்டுகிற மனுசன். அருங்காட்சியகம் என்றால் வாசலிலேயே கொட்டாவி விடுவார். போன கோடையில், கூட வேலை செய்யும் ஆன்ட்ரியாஸோடு இந்தப் பக்கம் வந்து போனதிலிருந்துதான் இந்த ரோமர் பைத்தியம்.

எனக்குத் தெரியாதா? இந்தப் பாதையில் இருக்கும் பெற்றோல் செட் யாருடையது என்று எங்கள் சனத்தில் தெரியாதவர் இல்லை.

என் அண்ணன் இராசதுரையுடையது.

அண்ணனும் இவரும் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டிய காலத்தில் ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். என்னை நோர்வேக்கு எடுத்ததே அண்ணன்தான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நானும் இவரும் பதிவுத் திருமணம் செய்தோம். அடுத்த மாதமே அண்ணன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

இருபத்தேழு வருடம். அம்மா செத்தபோதுகூட நாங்கள் பேசவில்லை.

அவர்தான் முதலில் கதைக்க வேண்டும் என்று நானும் வீம்பாக இருந்தேன். ஆனால் அந்த முகத்தை இன்னொரு தரம் பார்க்காமலே செத்துப்போவேனோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

ஒஸ்லோவில் பம்பிலேயே அட்டையைச் செருகினால் வேலை முடிந்தது. யார் முகத்திலும் முழிக்கத் தேவையில்லை. இங்கே பெற்றோல் அடித்துவிட்டு உள்ளே போய்த்தான் காசு கட்டவேண்டும்.

இவர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அட்டையை என் கையில் திணித்தார்.

"நீர் போய்க் கட்டிப்போட்டு வாரும். எனக்கு நாரி பிடிச்சிட்டுது."

பத்துப் பதினைந்து அடிதான். அதற்குள் இரண்டு தரம் நின்றேன். பிறகு கதவைத் தள்ளினேன்.

கல்லாவில் தலை முழுக்க நரைத்த ஒருவர். ஒரு கணம் அப்பா என்றே நினைத்துவிட்டேன்.

அட்டையை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. என்னை வடிவாக உற்றுப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி, கண்ணாடிக்கு வெளியே, காரடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற இவரைப் பார்த்தார்.

பழைய கோபம் போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

"போன வருசமும் வந்தவன், பிள்ளை. அதே பம்படியிலை ஒரு மணித்தியாலம் நிண்டவன். காசு கட்டுறதுக்கு, தன்னோடை வந்த வெள்ளையைத்தான் உள்ளை அனுப்பினவன்."

அண்ணன் கல்லாவின் பக்கக் கதவைத் திறந்தார்.

"நானும் வெளியிலை போகேல்லை. இஞ்சையே இருந்து பாத்துக்கொண்டிருந்திட்டன்."

இருபத்தேழு வருடம் கழித்து வந்த தங்கச்சியைக் கல்லாவடியிலேயே விட்டுவிட்டு, அண்ணன் வெளியே ஓடினார்.