கோராவுக்கு மட்டும் பரவாயில்லை

"பரவாயில்லங்க, அடுத்த கையில பாத்துக்கலாம்" என்றாள் கெண்ட்ரியா.

கோராவுக்குச் சுருக்கென்றது.

சீட்டாட்டத்தில் ஜெயிக்க வேண்டிய பிடியை அவள்தான் கோட்டை விட்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எதிரணி லாவெல் இதே தப்பைச் செய்தபோது, அவனுடைய காது, அவனுடைய செருப்பு, அவன் பெரியப்பாவின் ஓட்டைக் கார் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை இந்தக் கெண்ட்ரியா. அவள் மட்டுமா? அவன் கூட்டாளி குவின்டனே கூடச் சேர்ந்து காய்ச்சினான். லாவெலும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

கோராவுக்கு மட்டும் பரவாயில்லை.

புதன்கிழமை மத்தியானம். பொரித்த கோழி போடும் நாள் என்பதால் கல்லூரியே கல்யாணத்துக்குக் கிளம்பியது போல உடுத்திக்கொண்டு புல்வெளிக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் பாட்டு, ஒரு பக்கம் ஆட்டம், ஓக் மரத்தடி மேசையில் சீட்டு. கெண்ட்ரியாவோடு வழக்கமாக ஆடுகிறவள் பல் டாக்டரிடம் போயிருந்தாள். "உங்களுக்கு இஸ்பேட் ஆடத் தெரியுமாங்க?" என்று கேட்டு, கோராவைக் கெண்ட்ரியாவுக்கு ஜோடியாக எதிரே உட்கார வைத்தார்கள். எவ்வளவு மரியாதை.

அந்த மரியாதைதான் அவளைக் கொன்றது.

மொன்டானாவில், பனி கொட்டும் அந்தச் சின்ன ஊரில், அவள் வீடு ஒன்றுதான் கறுப்பர் வீடு. வீட்டில் நாலு பேர், வெளியே பனி. ஞாயிற்றுக்கிழமைகளில் சீட்டாடுவதைத் தவிர வேறென்ன வேலை? பள்ளிக்கூடத்தில் அவள் தலைமுடியைக் கேட்டுவிட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள். கேட்காமலும் தொட்டுப் பார்ப்பார்கள். அலபாமாவின் இந்தக் கறுப்பர் கல்லூரிக்கு அவள் அடம்பிடித்து வந்ததே கூட்டத்தோடு கூட்டமாகக் காணாமல் போகத்தான். முதல் நாள் காணாமலும் போனாள். அப்படியொரு சந்தோஷம்.

வாயைத் திறக்கும் வரைக்கும்.

அவளுடையது செய்தி வாசிக்கிற பேச்சு. வளர்ந்த ஊர் அப்படி. அவள் பேச ஆரம்பித்தால், அதுவரை ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை, யாரும் கேலி செய்ததில்லை. விருந்தாளிக்கு நாற்காலி இழுத்துப் போடுவது போல எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். ஒருநாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இவர்களைப் போலப் பேசிப் பார்த்தாள். அவளுக்கே சகிக்கவில்லை.

கடைசிக் கை. கெண்ட்ரியாவும் அவளும் ஜெயிக்கிற மாதிரிதான் இருந்தது.

குவின்டன் ஆர்ட்டின் ராஜாவை இறக்கினான். கோரா அதைத் துருப்பான இஸ்பேடால் வெட்டினாள். "அப்படிப் போடுங்க" என்று கெண்ட்ரியா மேசையைத் தட்டினாள்.

இரண்டு சுற்று போனது. கோராவின் கையிலிருந்து மேசையில் விழுந்தது, ஆர்ட்டின் ஏழு.

கையில் ஆர்ட்டின் இருக்கும்போதே துருப்பால் வெட்டுவது இந்தப் புல்வெளியில் கொலைக்கு அடுத்த குற்றம். எடுத்த பிடிகளை எதிரணிக்கு அபராதமாகக் கொடுக்க வேண்டும். ஆட்டம் போயிற்று.

கெண்ட்ரியா மெதுவாக எழுந்தாள். சீட்டுகளைக் கீழே வைத்தாள். காதில் கிடந்த பெரிய வளையங்களைச் சண்டைக்கு இறங்குகிறவள் போல ஒவ்வொன்றாகக் கழற்றி அவற்றின் மேல் வைத்தாள்.

"அடிப் பாவி. ஆர்ட்டினைக் கையில வச்சுக்கிட்டா வெட்டுன? கண்ணை என்ன வாடகைக்கு விட்டிருக்கியா? திங்கிற கோழிய பாதியில வச்சுட்டு உன்னை நம்பி உக்காந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். யாருடி உனக்குச் சீட்டு சொல்லிக் குடுத்தது? அந்தப் பனிக்காட்டுல ஆள் கிடைக்காம கரடிகூட உக்காந்து ஆடுனியா?"

புல்வெளியே திரும்பிப் பார்த்தது. யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

கோராவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்த நாளிலிருந்து யாரும் அவளை இப்படித் திட்டியதில்லை.

ஆனால் வாங்கினால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். அவளிடம் இருந்தது ஒரே பேச்சுதான். அதிலேயே, ஒவ்வொரு சொல்லையும் திருத்தமாகச் சொன்னாள்.

"கரடிகள் மிகவும் பண்பானவை, கெண்ட்ரியா. தோற்றுவிட்டால் அவை இவ்வாறு கூச்சலிடுவதில்லை. எதிரே இருப்பவரை அமைதியாகத் தின்றுவிடும்."

லாவெல் எழுந்து ஓடினான். நிஜமாகவே ஓடினான். நல்ல பதிலடியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்க இந்த ஊர்க் கால்களுக்குத் தெரியாது. மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்து மேசையில் ஓங்கி அறைந்தான்.

"ஏய் கரடி, இன்னொரு தடவ சொல்லு. அதே நியூஸ் குரல்ல சொல்லு."

சொன்னாள். சுற்றி நின்றவர்கள் ஆளாளுக்கு அவள் குரலில் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் சரியாக வரவில்லை. கோரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

தோற்றவர்கள் எழுந்து இடம் விட வேண்டும். இருவரும் எழுந்தார்கள். கெண்ட்ரியா வளையங்களை மாட்டிக்கொண்டாள். ஆறிப்போன கோழித் தட்டைக் கோராவின் கையில் திணித்துவிட்டு, தோளில் கையைப் போட்டு அவளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். யாருக்கும் கேட்காத தூரம் வந்ததும் காதோரம் குனிந்தாள்.

"மொதத் தப்பு தப்புதான், ஒத்துக்குறேன். ரெண்டாவது தப்பில்ல. எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன், வெட்டும்போது ஒரு சீட்டை உருவப் பாத்துட்டு நீ உள்ள தள்ளினத. அதுதானே பின்னால ஆர்ட்டின் ஏழா விழுந்துச்சு? இனிமே திட்டு வேணும்னா வாயைத் தொறந்து கேளு கரடி. ஆட்டத்தத் தோக்கடிக்காத."

வாய் நிறையக் கோழியை வைத்துக்கொண்டு கோரா தலையாட்டினாள்.